கோலார்ச் சுரங்கச் சொற்களும் பேரிகைக் குடும்ப வழக்கும்

செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகப் பகுத்தார் தொல்காப்பியனார். இவற்றுள் திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பில் வழங்குவது என்பது அவர் கருத்து. அப் பன்னிரு நிலம் யாவை என்னும் வினாவிற்கு உரையாசிரியர்கள் ஒருபடித்தாக விடை கூறினாரல்லர். சேனாவரையர் முதலியோர் தமிழ் வழங்கும் நிலத்துள்ளேயே அவற்றைக் கண்டு, தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் பெற்றம் என்பர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என எடுத்துக்காட்டினர். தெய்வச்சிலையாரோ தமிழகத்தைச் சூழ்ந்த பிறமொழி நிலங்களையே கொண்டனர். இவ்விரு கொள்கைகளுள் எது தொல்காப்பியனார் உள்ளக்கிடை என்பதை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வீட்டையும் தொழுவத்தையும் நீர்நிலையையும் சார்ந்தவை என்பது மட்டும் நோக்கத்தக்கது. தாயைக் குறிக்கும் சொல் ஓலையைப் பார்த்துக் கற்கப்படுவதன்று, மடியிலிருந்து கற்கப்படுவது. திசைச்சொல் குடிவழியாக வரும் சொல் என்பதை உரையாசிரியர்கள் வெளிப்படக் கூறாவிடினும், அவர்தம் எடுத்துக்காட்டுகள் கூறிவிடுகின்றன.

பவணந்தியார் இவ்விலக்கணத்தை விரித்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தோடு, பதினெண் நிலத்துள் தமிழ்நிலம் ஒழிந்த ஏனைப் பதினேழினின்றும் வந்து வழங்கும் சொற்களையும் அவர் திசைச்சொல் என்று கொண்டார். நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் கங்கர்குலத் தலைவன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். அவனுக்குக் கல்வெட்டுகளில் வழங்கும் பெயர்களுள் ஒன்று குவளாலபுர பரமேச்சுரன் என்பது. குவளாலபுரம் இன்றைய கோலார். அப் பெயர் பழைய மேலைக் கங்கர்களிடமிருந்து வழிவழி வந்த பட்டமேயன்றி, அவன் கோலாரிலிருந்து ஆண்டான் என்பதற்குச் சான்றாகாது. எனினும், பிறமொழி நிலத்துச் சொல்லுக்கும் தமிழ் இலக்கணத்துள் இடம் வகுத்த நூல், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் நாட்டின் பெயரைப் பட்டமாகச் சுமந்த ஒருவன் வேண்ட எழுந்தது என்பது எண்ணியெண்ணி மகிழ்தற்குரியது. நிற்க.

அக் கோலார்ப் பகுதியை வடகிழக்கே கொண்டு, ஓசூருக்கு வடகிழக்கில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பேரிகை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் 2004இல் தருமபுரியினின்றும், தருமபுரி 1965இல் சேலத்தினின்றும் பிரிந்தவை. 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைப்பட்டபோதும், மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி 1799 வரை மைசூரோடே இருந்தது. ஆதலின் எல்லை என்பது இவ்வூரார்க்கு அரசியல் மாறுந்தோறும் இடம் மாறிய ஒரு கோடு. மொழியெல்லையோ கோடாக என்றும் இருந்ததில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கும், அடுத்த வீட்டில் கன்னடமும், அதற்கடுத்த வீட்டில் தமிழும் வழங்குவதும், மூன்றும் சந்தையில் கலப்பதும் இங்கு இயல்பு. தமிழில் பள்ளி என நிற்கும் ஊர்ப்பெயரீறு, கன்னடத்தில் முதற் பகரம் ஹகரமாகத் திரிந்து ஹள்ளி ஆகி, மீண்டும் தமிழர் நாவில் அந்த ஹகரமும் தேய்ந்து அள்ளி என நிற்பதை இவ்விரு மாவட்டங்களிலும் காணலாம். தொரப்பள்ளியும் மாரண்டஅள்ளியும் ஒரு சொல்லின் இருவேறு பயணங்களை ஊர்ப்பெயராகத் தாங்கியுள்ளன.

எல்லைக்கு அப்பால் அணித்தே உள்ள மாஸ்தி என்னும் ஊரைத் தம் பெயரொடு கொண்ட வேங்கடேச ஐயங்கார், வீட்டுமொழி தமிழாக இருக்கக் கன்னடத்தில் எழுதி 1983இல் ஞானபீடப் பரிசு பெற்றார். தென்கோடியில், வீட்டுமொழி தெலுங்காக இருக்கத் தமிழில் எழுதிய கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி கண்டார். வீட்டுமொழியும் எழுத்துமொழியும் வேறாகும்போது சொல்லின்மேல் ஒருவர்க்கு ஏற்படும் விழிப்பு தனித்தன்மையுடையது போலும்.

இவ்வளவும் கூறியது, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மூன்றனுள் எதற்கும் உரியதல்லாத ஒரு சொற்கூட்டம் பேரிகைப் பகுதிக் குடும்பங்கள் சிலவற்றில் வழங்கியமையைக் காட்டுதற்கே. அது கோலார்த் தங்கவயலில் வேலை செய்து மீண்டோர் கொணர்ந்த ஆங்கிலச் சொற்கூட்டம். அவை கல்லூரியிலும் அலுவலகத்திலும் நாம் கற்ற ஆங்கிலம் அல்ல என்பதும், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலும் வடபகுதிகளிலும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் வழங்கிய வட்டார வழக்கே கடல் கடந்து வந்து நம் வீட்டு முற்றத்தில் இறங்கியது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. சுருங்கச் சொன்னால், திசைச்சொல் ஒன்று மற்றொரு நாட்டுத் திசைச்சொல்லாகப் புகுந்த வரலாறு இது.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கோலார்ப் பகுதியில் மண்ணை அரித்துப் பொன் எடுத்தலை 1802இல் வாரன் என்னும் படையலுவலர் ஆராய்ந்தார். 1870களில் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். முதலில் வந்த கம்பெனிகள் இழப்பையே கண்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின்னரே தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம், பாலகாட் முதலிய சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. நிலத்தடியில் இறங்கிப் பாறை உடைத்தவர்களுட் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். நிலமற்ற ஊழியத்தினின்று விடுபட அவர்க்குக் கிடைத்த வாயில்களுள் தங்கவயலும் ஒன்று. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் நடுவண் அரசின்பாற் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயர் பெற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப் அப்பொழுது மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் எய்தியிருந்தது.

இத் தொழிலாளருக்குத் தொழில் கற்பித்தவர் யாவர்? ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கள் சுரங்கங்களுக்கு மேற்பார்வையாளராகப் பெரிதும் கொணர்ந்தது கார்ன்வால் நாட்டாரை. கார்ன்வால், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுள் நீண்டு கிடக்கும் நிலம். வெள்ளீயமும் செம்பும் தோண்டுதல் அங்குப் பன்னூறாண்டுத் தொழில். 1866இல் செம்பின் விலை வீழ்ந்து பல சுரங்கங்கள் மூடவே, அந்நாட்டார் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, இந்தியா எனத் திசைதோறும் பரவினர். சென்ற இடமெல்லாம் அவர்க்கு 'ஜாக் பங்காளி' என்ற பொருள்படும் ஒரு பெயர் வழங்கிற்று. வேலைக்கு ஆள் வேண்டுமெனின் ஊரில் என் பங்காளி ஜாக் இருக்கிறான் என்று ஒவ்வொருவரும் கூறியமையால் அப்பெயர் வந்தது என்பர். தங்கவயலுக்கு அண்ணனைத் தொடர்ந்து தம்பியும், மாமனைத் தொடர்ந்து மருமகனும் சென்ற நம்மவர் கதையும் இதுவே.

அந்நாட்டாரின் முன்னோர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று என்பதை ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். கார்னிய மொழி பிரித்தானியாவின் பழைய கெல்திய மொழிகளுள் ஒன்று. அதன் இறுதிப் பேச்சாளருள் ஒருவராகக் கூறப்படும் டாலி பென்ட்ரீத் என்னும் மூதாட்டியார் 1777இல் மறைந்தார். மொழி மறைந்தது, ஆயினும் அதன் சொற்கள் சிலவும், ஆங்கிலத்தைத் தம் வழியில் வழங்கிய முறையும் மீன்பிடிப்போர் வீட்டிலும் சுரங்கத்தார் வீட்டிலும் எஞ்சின. அடுத்த ஆண்டே, 1778இல், வில்லியம் பிரைஸ் என்னும் மருத்துவர் கார்ன்வால் கனிமங்கள் பற்றி ஒரு பெருநூல் எழுதி, அதன் இறுதியில் சுரங்கத்தார் சொற்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் சேர்த்தார். பின்னர் ஆங்கில வட்டார வழக்குக் கழகம் 1873இல் தோன்றி நாடெங்கும் சொல் தொகுத்தது. அக்கழகம் கார்ன்வால் சொற்றொகையை வெளியிட்ட ஆண்டு 1880. ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாருக்கு வந்த ஆண்டும் அதுவே! ஒரு சொற்கூட்டம் தன் பிறந்தகத்தில் தாளில் ஏறிய ஆண்டிலேயே வேற்றுநாட்டு மக்கள் வாயில் ஏறத் தொடங்கிற்று. அத் தொகைகளையெல்லாம் ஒருங்குகூட்டி ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்குப் பேரகராதியை வெளியிட்டார். ரைட் யார்க்ஷயர் நாட்டவர். இளமையில் ஆலையில் வேலை செய்தவர். பதினைந்து வயதளவில் தாமே எழுத்தறிந்து, ஆக்ஸ்போர்டுப் பேராசிரியரானவர். வட்டார வழக்கைக் கொச்சை என்று இகழாத அகராதியை அத்தகையவர் செய்தது பொருத்தமே.

இனிச் சொற்களுக்கு வருவோம். என் தாய்வழிப் பாட்டனார் தங்கவயலில் நிலத்தடி வேலை பார்த்து, ஓய்வு பெற்றுப் பேரிகைக்கு மீண்டவர். கீழே எடுத்துக்காட்டும் வழக்குகள் பெரும்பாலும் அவ்வீட்டில் யான் செவிமடுத்தவை. ஒரு குடும்பத்துச் சான்று ஒரு நாட்டுச் சான்று ஆகாது என்பதை யான் அறிவேன். எனினும், சொல் எங்ஙனம் குடிவழி நிலைக்கிறது என்பதைக் காட்ட ஒரு குடும்பத்தை நெருங்கி நோக்குதலே தக்க வழி.

முதலாவது, கேப்டன் என்னும் சொல். நம்மவர்க்கு இது படையையோ கப்பலையோ மட்டைப்பந்தாட்டத்தையோ நினைவூட்டும். பாட்டனார் கேப்டன் என்றது சுரங்கத்துள் வேலையை வகுத்து மேற்பார்த்தவரை. சிறுவனாகிய யான் அவர் போர்க்களத்தில் இருந்தவர் என்று நெடுநாள் எண்ணிப் பள்ளித் தோழரிடம் பெருமையும் பேசியதுண்டு! கார்ன்வாலில் சுரங்கத்தை நடத்துவோனுக்குக் கேப்டன் என்பது பழம்பெயர். இலண்டன் ஆங்கிலத்தில் இப்பொருள் இயல்பாக இல்லை. ஆகவே இச்சொல்லைப் படைத்துறைச் சொல்லாகக் கொண்டு பொருள் விரிந்தது என்று ஒருவர் எழுதுவாராயின், அவர் மூலத்தைப் பிழைபடக் கண்டவராவர்.

இரண்டாவது டிராம். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டியை முதியோர் நினைவர். தமிழில் டிராம் என்ற சொல் அவ்வழியே வந்தது என்பதே பொதுக் கருத்து. சுரங்கத்தில் டிராம் என்றது உடைந்த பாறையை இருப்புப்பாதைமீது தள்ளிச் செல்லும் தொட்டிவண்டியை. இதுவே முந்திய பொருள். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கைவண்டியின் ஏர்க்காலையும், பின் சுரங்கத்துச் சறுக்குவண்டியையும் குறித்த நாட்டுப்புறச் சொல் அது. அதற்கு இட்ட பாதை டிராம்பாதை ஆயிற்று. நகரத் தெருவில் அப்பாதை இட்டபோது மக்கள் ஏறும் வண்டி அப்பெயரைப் பெற்றது. ஆகவே சென்னைத் தெருவில் ஓடியது பேரப்பிள்ளை. கோலார்ச் சுரங்கத்துள் ஓடியது பாட்டன்.

ஸ்கிப் என்பது உடைத்த கனிப்பாறையை மேலேற்றும் இரும்புப் பெட்டி. கூடையைக் குறிக்கும் பழைய வடபுலச் சொல் அது; ஸ்கெப் என்னும் வடிவில் வைக்கோற் கூடைக்கும் தேனீக்கூட்டுக்கும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் வழங்கியது. ஸ்டோப் என்பது படிபடியாகப் பாறையைக் குடைந்தெடுக்கும் இடம். படி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லுக்கு உறவுடையது எனக் கருதப்படுவது. பாட்டனார் நாவில் முன்னது இசுகிப்பு என்றும் பின்னது இசுடோப்பு என்றும் நின்றன. மொழிமுதல் மெய்ம்மயக்கம் தமிழுக்கு ஆகாமையின் இகரம் முன்வந்தது. வல்லெழுத்து மொழியிறுதியில் நில்லாமையின் உகரம் பின்வந்தது. மொழிமரபு கல்லாத ஒருவர் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இருளில் நின்று, மொழிமரபு பிழையாமல் சொல்லை ஏற்றார். ஷாப்ட் எனப்படும் செங்குத்துச் சுரங்கவாய், சாப்ட்டு ஆயிற்று. கிஃபோர்டு, ஹென்றி முதலிய வெள்ளையர் பெயரால் வழங்கிய சாப்ட்டுகள் ஊர்ப்பெயர் போலவே அவர் பேச்சில் வந்து போயின.

ரீஃப் என்பதைத் தனியே கூறுதல் வேண்டும். கடலடிப் பாறைத்தொடரைக் குறிக்கும் இச்சொல், பொன் ஓடும் வெண்கல் நரம்பைக் குறிப்பது ஆஸ்திரேலியப் பொன்வயல்களில் 1850களில் எழுந்த வழக்கு. கார்ன்வால் நாட்டார் தம் ஊரில் அதற்கு லோடு என்பர். அவர்களே ஆஸ்திரேலியாவில் ரீஃப் என்று சொல்லப் பழகினர். சாம்பியன் ரீஃப் என்னும் சுரங்கப் பெயர், ஆகவே, ஆஸ்திரேலியத் திசையை உடன்கொண்டுள்ளது. ஆங்கிலம் என ஒரே சொல்லால் நாம் சுட்டுவது எத்தனை நிலங்களின் மொழி என்பதற்கு இஃதொன்றே சாலும்.

உடைந்த பாறைக்குச் சுரங்க ஆங்கிலத்தில் மக் என்று பெயர். இங்கிலாந்து உழவர் வழக்கில் அது எருவையும் சாணத்தையும் குறிக்கும். பாட்டனார் மக்கு என்றார். தமிழில் மக்குதல் என்றால் குப்பை நைந்து எருவாதல். மக்கு என்பது மக்கியது. ஒலியும் ஒத்து, எரு என்னும் பொருளும் ஒத்து நிற்கும் இவ்விரண்டையும் கண்ட ஒருவர், தமிழே உலக மொழிகளுக்குத் தாய் என்பதற்கு இதனையும் ஒரு சான்றாக்கி நூல் எழுதப் புகலாம். அங்ஙனம் எழுதற்க என்று முதுகலை மாணவரைக் கேட்டுக்கொள்வேன். ஒன்று நார்வீஜிய மக்கள் வழி ஆங்கிலத்துட் புகுந்தது, மற்றொன்று தமிழ். இரண்டும் தற்செயலாக ஓர் இருளில் சந்தித்தன. ஆனால் அச் சந்திப்பு பயனற்றதன்று. அயற்சொல் ஒன்று எளிதில் வீட்டுச் சொல்லாவதற்கு, வீட்டில் அதையொத்த ஒலி முன்பே இருந்தமை துணையாயிற்று.

குடும்பத்துள் இச்சொற்கள் நின்ற முறையே இங்கு மிகவும் நோக்கத்தக்கது. பாட்டனார் சுரங்கத்தினின்று கொணர்ந்தவை பல, நின்றவை சில. எவை நின்றன? வீட்டில் ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளக் கிடைத்தவை. தங்கவயலில் அரைத்துச் சயனைடு கலந்து பொன் பிரித்தபின் எஞ்சிய மண் மலைபோற் குவிக்கப்பட்டது; அதனை டம்பு என்பர். பாட்டியார் பேரிகை வீட்டின் பின்புறம் அடுப்புச் சாம்பல் கொட்டிய இடத்தை டம்பு என்றே வழங்கினார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு கேஜ். என் அன்னையார் முதன்முதலாக ஓசூரில் ஒரு மின்தூக்கியில் ஏறியபோது, "கேஜு வந்துட்டுது, ஏறுங்க" என்றார். உடன் நின்றோர்க்கு அது விளங்கவில்லை. அவர் சுரங்கத்துள் ஒருநாளும் இறங்கியவர் அல்லர்.

சுரங்கவாய் தோண்டும்போது மண்ணும் நீரும் மேலேற்றும் வாளிக்குக் கார்ன்வாலில் கிபில் என்று பெயர். செருமானியக் கூபெல் என்பதனோடு உறவுடையது. எங்கள் கிணற்று இரும்புவாளியைப் பாட்டனார் கிப்பல் என்றார். பகரம் இரட்டித்து நின்றால் தமிழில் வல்லோசையே பெறும் ஆதலின் ஆங்கிலத்து மெல்லிய ஒலி மறைந்தது. லகர ஈறு தமிழுக்கு இயல்பாதலின் உகரம் வேண்டப்படவில்லை. அக் கிணற்றடியில் வேறு சொற்களும் இருந்தன. நீர் முகத்தலைத் தமிழர் சேந்துதல் என்பர். கன்னடத்தில் அது சேது. தெலுங்கில் சேது என்பது வினையாகவும், சேத என்பது முகக்கும் வாளியாகவும் வரும். ஒரு மூலத்தினின்று கிளைத்த திராவிடச் சொற்கள் மூன்று அக் கிணற்றைச் சுற்றி நிற்க, கயிற்றின் நுனியில் தொங்கியது கார்ன்வால் சொல். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் சேத இரவல் கேட்டுவந்தால் பாட்டியார் கிப்பலைக் கொடுப்பார். ஒருவர் சொல்லை ஒருவர் மாற்றியதில்லை. பொருள் கைமாறியது, சொல் அவரவர் வீட்டிலேயே நின்றது.

அவ்வாறு நின்றமை சொல்லின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே காட்டும். சந்தைச் சொல் பலர் வாயில் வாழ்வதால் ஒருவர் மறந்தாலும் பிறர் காப்பர். வீட்டுச் சொல்லுக்கு அவ் வீடே நாடு. எங்கள் கிணற்றுக்கு மின்னிறைப்பி வந்தது; கிப்பல் துருப்பிடித்தது; சொல்லும் என் தம்பியின் மக்கள்வரை வரவில்லை. மருமகளாக வந்தோர் தத்தம் வீட்டுச் சொல்லைக் கொணர்ந்தனர். இது குறையன்று, குடும்பம் என்பதன் இயல்பு.

எழுத்தில் இவை ஏன் இடம் பெறவில்லை என்று வினவலாம். தங்கவயல் எழுத்தறியா ஊரன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழுக்கு அங்குப் படிப்போர் பலர் இருந்தனர். 1920களில் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதர் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலையும் அங்கிருந்தது. ஆனால் தம் மக்களின் மதிப்பை நிலைநாட்ட எழுதியோர் இலக்கியத் தமிழையே நாடினர். அது முற்றும் பொருத்தமே. இழிவழக்கினர் என்று பிறரால் ஒதுக்கப்பட்டோர் சுரங்கக் கலவைமொழியை அச்சேற்ற விரும்பாமையில் வியப்பில்லை. மறுபுறம், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி, நூல்வழக்கைப் பேரளவில் சான்றாகக் கொண்டது. பேச்சு வழக்குக்கும் அதன்கண் இடமுண்டு. எனினும் மாநில எல்லைக்கு அப்பால், மைசூர் அரசின் நிலத்தடியில் வழங்கிய தமிழை எவரும் சென்று கேட்டு எழுதவேண்டும் என்று அக்காலத்து எதிர்பார்த்தல் பொருந்தாது. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கண்டார். அதுபோல்வதொன்று ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்பகுதிக்கும் வேண்டும். அதன்கண் சுரங்கச் சொற்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்படுதல் வேண்டும்.

இப்பணிக்குக் காலம் குறுகியது. 2001இல் இருபது வயதினராக வேலைபார்த்தோர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டனர். கார்ன்வால் நாட்டாரிடம் நேரே வேலை கற்ற தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. தங்கவயலார் பலர் நாள்தோறும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பேரிகைப் பகுதியார்க்கோ 1970களுக்குப் பின் ஓசூரில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டை வாயிலாயிற்று. அங்கு வழங்கும் தொழிற்சொற்கள் வேறு. அவை அச்சிட்ட கையேட்டிலிருந்தும் பயிற்சி வகுப்பிலிருந்தும் வருபவை. ஷிப்ட் என்னும் ஒரு சொல் மட்டும் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொதுவாக நிற்கிறது. பாட்டனார் சிப்ட்டுக்குப் போனார். அவர் பேரனும் சிப்ட்டுக்குப் போகிறான்.

சொல் தொகுப்போர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அலுவலக ஆங்கிலம் கலெக்டர் கச்சேரியிலிருந்து எழுத்துவழி இறங்கியது. அதற்கு மூலம் காண ஆக்ஸ்போர்டு அகராதி போதும். சுரங்க ஆங்கிலம் வாய்வழி வந்தது. அதற்கு மூலம் காணப் பிரைஸ் பட்டியலையும் ரைட் பேரகராதியையும் புரட்டல் வேண்டும். சொல்லின் மூலம் மொழியில் இல்லை, அதனைச் சொன்ன வாயில் இருக்கிறது. அவ்வாறு புரட்டியும் விளங்காத இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கூறுவேன்.

பாட்டனார் அடிக்கடி கூறிய நிகழ்ச்சி ஒன்று, "விஞ்சுல எறங்கினப்போ" என்று தொடங்கும். பாரம் தூக்கும் பொறிக்கு ஆங்கிலத்தில் வின்ச் என்று பெயர். ஒரு தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்குப் பாறையினூடே வெட்டும் குழிக்கு வின்ஸ் என்று பெயர். இது கார்ன்வால் சுரங்கத்தார் சொல். ஈற்றொலி வேறுபாடு தமிழில் மறைய, இரண்டும் விஞ்சு ஆயின. பொறியால் இறங்கினாரா, குழியில் இறங்கினாரா? தமிழில் விஞ்சுதல் என்னும் வினை வேறு குறுக்கிடுகிறது. பாட்டனார் மறைந்த பின்னரே இவ்வையம் எனக்கெழுந்தது. ரைட் அகராதியும் பிரைஸ் பட்டியலும் சொல்லின் பிறப்பைக் காட்டினவேயன்றி, அவர் எதனைக் கருதினார் என்பதைக் காட்டவில்லை. 2009இல் ஒரு பொங்கல் விடுமுறையில் பாட்டியாரிடம் இதனை வினவினேன். அவர் சுரங்கத்தைக் கண்டவரல்லர். லைன் வீட்டிலிருந்து ஊதற்சங்கு கேட்டவர் மட்டுமே. முறத்தை நிறுத்தாமல் விடை கூறினார்:

"மிசினும் விஞ்சுதான் கண்ணு, குழியும் விஞ்சுதான். உங்க தாத்தா எறங்கினது குழியில."